தோளில் இருந்த கட்டைவிரல்

அன்பு மகனுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த கார்டு கிடைத்தது. உன் நைனாவுக்கு இருமல் விட்டுவிட்டது. எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கும் ஒரு கார்டு போதும். ஆனால் உன் பழைய நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவளின் கையெழுத்து உன் கையெழுத்தை விட நன்றாகத்தான் இருக்கும், பயப்படாதே. சாப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படி. பாதியில் எழுந்து போகாதே. கோபம் வரும், வரட்டும். கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு.

போன மாதம் நீ பம்பாய் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வந்து இரண்டு நாள் தங்கினாய் அல்லவா? இரண்டாம் நாள் காலையில் உன் நைனா நாஷ்டா முடித்துச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். நீ சட்டைப் பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் போய் உட்கார்ந்தாய். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொடையில் குத்தி, "தெரியுதா நைனா?" என்று கேட்டாய். அவர் கையிலிருந்த செப்புக் கம்பியைக் கீழே வைத்தார். உன் முகத்தைப் பார்த்தார். "தெரியுதுடா" என்றார். முழங்காலுக்குக் கீழே இன்னொரு இடத்தில் குத்தி, "இங்க?" என்றாய். "அங்கயும்தான், லேசா" என்றார். நீ ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். "அப்ப ஆஸ்பத்திரில போட்ட ஊசி வேலை செஞ்சிருக்கும்மா. பதினேழு வருஷம் கழிச்சும் மிச்சம் இருக்கு. பம்பாய்ல நான் எழுதப்போற முதல் கேஸே நைனாதான்" என்றாய். நான் உன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டப் போய்விட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை கண்ணு. அன்றைக்கும் தெரியவில்லை, என்றைக்கும் தெரிந்ததில்லை. வயலிலிருந்து தூக்கிவந்த நாள் முதல் இன்று வரைக்கும் தொப்புளுக்குக் கீழே அவருக்கு ஒன்றுமே தெரிந்ததில்லை. உன் அத்தை சொல்லிச் சொல்லி நீ வளர்ந்த கதை இருக்கிறதே, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபோது உங்க நைனாவுக்குக் காலில் உணர்ச்சி வந்தது, ஊசியை நிறுத்தினதும் போய்விட்டது என்கிற கதை, அது பொய். அந்தப் பொய்யைப் பெற்றவள் நான். உன்னைப் பெற்றதைப் போலவே அதையும் நான்தான் பெற்றேன். அதைக் கேட்டுத்தான் நீ டாக்டருக்குப் படித்தாய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது நீ அதைக் காகிதத்தில் எழுதப் போகிறாய். உன் காகிதத்தைப் பார்த்து வேறொரு டாக்டர் வேறொருவன் முதுகில் ஊசி ஏற்றுவான். அதற்கு மேல் என்னால் ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டிக்கொண்டிருக்க முடியாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சீனாக்காரன் சண்டை நடந்த வருஷம் அது. உனக்கு ஆறு வயது. சொர்ணவாரி அறுப்பு முடிந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்தோம். உன் நைனா வண்டிப் பாரத்தின் மேல் நின்று கட்டு வாங்கிப்போட்டுக்கொண்டிருந்தவர், மாடு மிரண்டு ஒரு எட்டு வைத்ததில் மல்லாந்து வரப்பின் மேல் விழுந்தார். பெரிய உயரம் ஒன்றுமில்லை. நீ பேயாட்டம் ஏறி விளையாடிய உயரம்தான். எல்லாரும் ஓடினோம். "தூக்கி உக்கார வைங்கப்பா, சோடா குடுங்க" என்று யாரோ கத்தினார்கள். யாரோ என்ன, நான்தான். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். தலை தொங்கியது. நான் வாயில் தண்ணீர் விட்டேன். கண்ணைத் திறந்தவர், நீட்டிக் கிடந்த தன் காலைப் பார்த்துக்கொண்டே, "என் காலு எங்கமே கீது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள் இன்னும் அடங்கவில்லை. உடைந்த முதுகை மடக்கி உட்கார வைத்ததில் மிச்சமிருந்த நரம்பும் போயிருக்குமோ என்று பிற்பாடு டாக்டரைக் கேட்டேன். "போயிருக்கலாம், முதல்லயே போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது" என்றார். அன்பால்தான் தூக்கினோம். அன்பு இருந்தால் போதும், பலகை வேண்டாம் என்று நினைக்கிற ஊர் இது. நீ எந்த ஊருக்குப் போனாலும் இதை முதலில் சொல்லிக்கொடு. விழுந்தவனை உட்கார வைக்காதே, கதவைக் கழற்றி அதன் மேல் நேராகப் படுக்கவைத்துத் தூக்கு என்று சொல்.

பட்டணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெயர் எதற்கு? முதுகு உடைந்தவர்களுக்கென்று ஒரு மூலையில் நாலைந்து கட்டில். அவர்களைப் பார்க்க ஒல்லியாக ஒரு சின்ன டாக்டர் வருவார். இப்போதைய உன்னைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவராக இருந்திருப்பார். மற்ற டாக்டர்கள் அந்த மூலையைத் தாண்டும்போது நடையை வேகமாக்குவார்கள். இவர் மட்டும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருவார். நரம்பைச் சுற்றி இருக்கிற வீக்கத்தை வற்ற வைத்தால் கொஞ்சமாவது மீட்க முடியுமா என்று ஒரு ஊசி மருந்தை முதுகில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு நீளமான நோட்டு. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு மனிதப் படம் வரைந்திருப்பார். தினமும் காலையில் குண்டூசியால் மேலிருந்து கீழே குத்திக்கொண்டே வருவார். எதுவரைக்கும் தெரிகிறதோ அங்கே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. உன் நைனாவின் கோடு தொப்புளில் நின்றது. பக்கத்துக் கட்டிலில் பழவேற்காட்டுக்காரர் ஒருவர். படகைக் கரையேற்றும்போது அது சாய்ந்து முதுகில் விழுந்துவிட்டதாம். அவர் கோடும் கிட்டத்தட்ட அங்கேதான்.

ஆயாக்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஒரு மாதம் பார்ப்பார்கள், கோடு கீழே இறங்காவிட்டால் கட்டிலைக் காலி செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். "இன்னா ஆவாங்க, புண்ணு வந்து பூடுவாங்க" என்றாள் ஒருத்தி, தரையைத் துடைத்துக்கொண்டே. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் குத்தும்போதெல்லாம் நான் தலைமாட்டில் நின்றுகொண்டு உன் நைனாவின் தோளில் கை வைத்திருப்பேன். அவர் கண்ணை ஒரு துண்டால் மூடியிருப்பார்கள். ஒருநாள் ஊசி தொடையில் இறங்கியபோது, என்னையே குத்தினாற்போல என் கட்டைவிரல் அவர் தோளை அழுத்திவிட்டது. சாமி சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. "தெரியுதா?" என்று டாக்டர் கேட்டார். உன் நைனா துண்டுக்கடியில் என் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, "தெரியுது" என்றார்.

டாக்டரின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் முகம். ஸ்டூல் தடுமாற எழுந்து, சிவப்புப் பென்சிலை எடுத்துத் தொடையில் கோடு போட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் அது எப்படி நடந்தது என்று தெரியும். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மறுநாள் நான் வேண்டுமென்றே அழுத்தினேன். அவர் வேண்டுமென்றே சொன்னார். கோடு முழங்காலுக்கு இறங்கியது, கெண்டைக்காலுக்கு இறங்கியது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். நான் அதைவிடக் கெட்டிக்காரியாக இருந்து தொலைத்தேன், இரண்டு வாரத்துக்கு மேல் ஓடியது. அந்த நாட்களில் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொய்யென்று தெரிந்தும், அந்தக் கோடு இறங்குவதைப் பார்க்கப் பார்க்க நானே பாதி நம்பிவிட்டேன்.

இதற்குள் உன் அத்தை பார்க்க வந்தாள். நீ அப்போது அவள் வீட்டில்தான் இருந்தாய். நோட்டில் இறங்கியிருந்த கோட்டை டாக்டரே அவளுக்குக் காட்டினார். அவள் கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். தம்பி காலுக்கு உணர்ச்சி வந்தால் பெரியபாளையத்தம்மனுக்கு நான் வேப்பஞ்சேலை கட்டுவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாளாம். அவள் வேண்டிக்கொள்வாளாம், நான் கட்டுவேனாம், நாத்தனார் நியாயம் அது. "அண்ணி, கொஞ்ச நாள் போவட்டுமே" என்று இழுத்தேன். "ஆத்தா கண்ண தொறந்துட்டா, நீ கால நீட்டிகினு குந்தினுகிறியா? வேண்டிகினது வேண்டிகினதுதான். ஆறப்போட்டா குடுத்தத திருப்பி வாங்கிக்குவா" என்றாள். இல்லை என்று சொல்ல எனக்கு என்ன வழி இருந்தது? சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை கிளம்பினேன். நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆரணியாற்றில் முழுகி எழுந்து, ஈரத்தோடு வேப்பிலைக் கொத்துகளைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். கோயிலைச் சுற்றி வந்தேன். என் முன்னாலும் பின்னாலும் எத்தனையோ பெண்கள் அதேபோல இலை கட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைக்கு அம்மை இறங்கியவள், புருஷன் பிழைத்துத் தாலி தங்கியவள். எல்லாரும் உண்மையாகக் கிடைத்ததற்காகச் சுற்றினார்கள். நான் ஒருத்திதான் கிடைக்காததற்கு நன்றி சொல்லிக்கொண்டு சுற்றினேன். வேப்பிலைக் காம்பு இடுப்பில் குத்தியது, தொடையில் குத்தியது, கெண்டைக்காலில் கீறியது. ஒவ்வொரு குத்தும் எனக்குத் தெரிந்தது. கோடு எங்கெங்கே இறங்கியதோ அங்கெல்லாம் தெரிந்தது. மூன்றாவது சுற்றில் என்னால் நடக்க முடியவில்லை. அருள் வந்துவிட்டது என்று நினைத்து உன் அத்தை என் நெற்றியில் விபூதி பூசினாள். நீ அவள் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துப் பயந்து அழுதாய். உனக்கு அது ஞாபகம் இருக்காது.

திங்கட்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போகும்போதே ஒரு வாடை. உன் நைனா சிரித்துக்கொண்டே, "வந்துட்டியாமே, பொங்கல் இன்னா கொண்டாந்த?" என்றார். போர்வையை விலக்கி அவரைப் புரட்டினேன். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் தோல் கறுத்துப் பிய்ந்து, என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். சனிக்கிழமை நான் போகும்போது சிவந்துகூட இல்லாத இடம், அல்லது சிவந்திருந்ததை நான்தான் பார்க்கவில்லையோ என்னவோ. அவருக்கு அங்கே புண் இருப்பதே தெரியவில்லை. நர்ஸம்மாவிடம் ஓடினேன். உணர்ச்சி இல்லாதவர்களை வேளை தவறாமல் புரட்டிப்போடுவார்களே, இவரை ஏன் புரட்டவில்லை என்று கேட்டேன். அவள் ஒன்றும் கெட்டவள் இல்லை. "இவருக்குத்தான் கால்வரைக்கும் உணர்ச்சி வந்துடுச்சேம்மா. ஆள் பத்தல. வலிச்சா கூப்பிடுவாருன்னு விட்டுட்டோம்" என்றாள்.

வேப்பிலை வாடை இன்னும் என் உடம்பில் இருந்தது. சின்ன டாக்டர் வந்தார். புண்ணைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார், செத்த சதையை வெட்டி எடுத்தார். உன் நைனா குப்புறப் படுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரரிடம் சண்டை நிலவரம் பேசிக்கொண்டிருந்தார். வெட்டுவது அவருக்குத் தெரியவில்லை. டாக்டரின் கை நின்றது. சதையை ஒருமுறை பார்த்தார், உன் நைனாவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். அவராகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். "நான் தோள அழுத்துவேன். அவரு சொல்வாரு. எல்லாம் பொய்யி டாக்டரய்யா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பக்கத்துக் கட்டிலைக் காட்டி, தணிந்த குரலில், "அவருக்கு ஊசியை நிறுத்திடலாம்னு போன வாரமே நெனச்சேன். உங்க வீட்டுக்காரருக்குக் கேக்குதே, இவருக்கும் கேக்கும்னுதான் இன்னும் போட்டுட்டிருக்கேன்" என்றார். அந்த ஊசி ஏறும்போதெல்லாம் பழவேற்காட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகுவதை நான் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதற்கும் என் விரலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். கல்யாணத்துக்கு அது சரிப்பட்டு வரும். வைத்தியத்தில் ஒரு பொய் சொன்னால் பக்கத்துக் கட்டில்காரன் முதுகில் ஏறுகிறது.

அவருடைய மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கறுத்து உயர்ந்த பெண், உப்புக் காற்றில் காய்ந்த முகம். என்னிடம் வந்து, "எம் புருசன் முதுவுல ஏறுன ஊசி ஒவ்வொண்ணும் உன் வெரல்லேர்ந்து வந்துச்சா?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என்னை அடித்திருக்கலாம். சாயங்காலம் உன் நைனாவைப் புரட்ட வேண்டிய நேரம் வந்தது. ஒருத்தியால் புரட்ட முடியாது, இடுப்பைத் திருகாமல் கட்டை உருட்டுகிற மாதிரி ஒரே சீராக உருட்ட இரண்டு பேர் வேண்டும். ஆயாவைக் காணோம். அவள் எழுந்து வந்து எதிர்ப்பக்கம் நின்று, "தூக்கு" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் இருவருமே மாறி மாறி இரண்டு ஆண்களையும் புரட்டினோம். மன்னித்துவிட்டேன் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஊருக்குப் போகும்போது எனக்கு ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்துவிட்டுப் போனாள். அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் துணிவில்லாமல் இருந்துவிட்டேன். இதுவும் என் கணக்கில் உள்ள தப்புதான்.

மறுநாள் டாக்டர் நோட்டோடு வந்தார். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். கிழிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் ஏதோ எழுதினார். பிறகு என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். உன் நைனாவின் கண்ணை மூடி, சில தடவை குத்திக் கேட்டார், சில தடவை குத்தாமலே "தெரியுதா?" என்று கேட்டார். சில தடவை குத்திவிட்டு ஒன்றுமே கேட்காமல் காத்திருந்தார். அன்றிலிருந்து அந்த மூலையில் எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கு அவர் சொன்னது இதுதான்: "தப்பு உங்க மேல மட்டும் இல்லம்மா. நான் நல்ல பதிலுக்காகக் கேட்டேன். அது என் மூஞ்சியிலயே தெரிஞ்சிருக்கும்." அவ்வளவு சின்ன வயதில் ஒருவர் அப்படிச் சொன்னதை நான் மறக்கவில்லை. நீயும் டாக்டர்தான், உனக்கு நான் பாடம் நடத்த முடியாது. ஆனால் அன்று காலையில் உன் நைனாவின் கண்ணை மூடச் சொன்னாயா? வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பாய். நீ டாக்டராகக் குத்தவில்லை, மகனாகக் குத்தினாய். உன் முகத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அவர் பதில் சொன்னார்.

உன் நைனா என்னை ஒருநாளும் கடிந்துகொள்ளவில்லை. புண் ஆறிக்கொண்டிருந்த நாட்களில் ஒருமுறை நானே கேட்டேன், முதல் நாள் ஏன் தெரியுது என்று சொன்னீர்கள் என்று. "உன் கட்டவெரலு தோள்ல பதிஞ்சிச்சு. இல்லன்னு சொன்னா நீ அங்கியே வுழுந்துடுவன்னு தோணிச்சு" என்றார். நான் அவருக்காகப் பொய்யை ஆரம்பித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்காக ஆரம்பித்திருக்கிறார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மனதாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், மற்ற எல்லாவற்றுக்கும் சண்டைதான்.

புண் ஆற மாதக்கணக்கில் ஆயிற்று. அதற்குள் டாக்டர் எனக்குக் கற்றுக்கொடுத்ததுதான் உன் நைனாவை இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது, எலும்பு முட்டும் இடங்களுக்குத் தலையணை கொடுப்பது, மூத்திரக் குழாயைக் கொதிக்கவைத்துக் கையாள்வது, கைக்கண்ணாடியில் தன் முதுகைத் தானே பார்த்துக்கொள்ள அவரைப் பழக்குவது. நம் வீட்டு மாடத்தில் எப்போதும் ஒரு அலாரம் கடிகாரம் அடித்துக்கொண்டே இருக்குமே, "அது ஏம்மா பள்ளிக்கூடம் இல்லாத நாள்லயும் அடிக்குது?" என்று நீ கேட்பாயே, அது இதற்குத்தான். உட்கார முடிந்ததும் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டக் கற்றுக்கொண்டார். கைக்கு வேலை வந்ததும் வாய்க்கு வம்பும் திரும்பி வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்தபோது, அங்கே வெல்டிங் வேலை செய்த நம்மூர்ப் பையன் பழைய சைக்கிள் சக்கரத்தை வைத்து அந்த நாற்காலியைச் செய்துகொடுத்தான். அதில் ஏறி முதல் தடவை தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்தவர், "இன்னாமே, தேர் வருது, யாரும் வடம் புடிக்க வரலையா?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன். கோடு தொப்புளிலேயேதான் நின்றது. கோட்டுக்கு மேலே இருந்த மனிதர் முழுசாகத் திரும்பி வந்துவிட்டார். எந்த நோட்டிலும் இதற்குச் சிவப்புப் பென்சில் கிடையாது. உன் நோட்டிலாவது இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கு.

உன் அத்தைக்கு மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. வேப்பஞ்சேலை கட்டியாகிவிட்டது, அவள் தாங்கமாட்டாள் என்று, ஊசியை நிறுத்தினதும் உணர்ச்சி போய்விட்டதாகச் சொல்லி விட்டுவிட்டேன். அவள் உனக்குச் சொன்னாள். நீ அந்தக் கதையைக் கேட்கும்போது உன் கண் பளபளக்கும். பள்ளிக்கூடத்தில் "எங்க நைனாவ நடக்க வைப்பேன்" என்று எழுதிப் பரிசு வாங்கிவந்து அவர் மடியில் வைத்தாய். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். இவன் படித்து முடிக்கட்டும் என்று தள்ளினேன். படித்து முடித்தாய், வேலைக்குப் போகட்டும் என்று தள்ளினேன். உன் படிப்பெல்லாம் என் கட்டைவிரல் மேல் கட்டின வீடு என்று தெரிந்தால் நீ இடிந்துபோவாய் என்று பயந்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுவாயோ என்று இருக்கிறது. வந்துவிடாதே கண்ணு. அந்த ஊசி வேலை செய்யவில்லை என்பதும் நீ அங்கே கொண்டுபோக வேண்டிய சேதிதான். யாராவது ஒருவன், எங்கேயோ, ஒருநாள், உண்மையாகவே தெரியுது என்று சொல்வான். அவன் சொல்வதை நம்ப வேண்டுமானால் மற்றவர்கள் இல்லை என்று சொன்னதெல்லாம் சரியாக எழுதியிருக்க வேண்டும்.

போன மாதம் நீ ரயிலேறிய பிறகு உன் நைனா ரொம்ப நேரம் காயிலைத் தொடவில்லை. "புள்ள மூஞ்ச பாத்துகினே எப்படிமே இல்லன்னு சொல்றது?" என்று கேட்டார். நான் சண்டை போடவில்லை. எனக்குத் தெரியாதா அது. இந்தக் கடிதத்தை எழுதப்போகிறேன் என்று நேற்று அவரிடம் சொன்னேன். இப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்து, எழுதுவதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார். நாத்தனார் நியாயம் என்று எழுதியதற்கு மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். மற்றபடி எல்லாம் சரியாம். கடைசியில் என்ன எழுத என்று கேட்டேன். "முதல் பக்கத்துல இல்லன்னு போடச் சொல்லுமே. நான் சொன்னேன்னு போடச் சொல்லு" என்றார்.

பொங்கலுக்கு வருவாய் அல்லவா. வரும்போது அந்தக் குண்டூசியையும் கொண்டு வா. அவர் கண்ணைத் துண்டால் மூடு. நான் தெருவுக்குப் போய் நின்றுகொள்கிறேன், என் கை யார் தோளிலும் இருக்காது. நீ கேள். அவர் இல்லை என்று சொல்வார். அதை எழுதிக்கொள். எழுதி முடித்ததும் துண்டை எடுத்துவிட்டு, தொப்புளுக்கு மேலே எங்கே வேண்டுமானாலும் அவரைத் தொடு. அங்கெல்லாம் அவருக்குத் தெரியும்.

உன் அம்மா